இடிப்போரும் கட்டுவோரும்

எலும்பு என்றால் உணர்ச்சியற்ற வெறுங் கட்டை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது ஓயாமல் பழுது பார்க்கப்படும் மாளிகை. ஒரு வகை ஜீவ அணுக்கள் பழைய எலும்பை இடித்துக்கொண்டே செல்கின்றன. மற்றொரு வகை அணுக்கள் பின்னாலேயே வந்து புது எலும்பைக் கட்டுகின்றன. வயது வந்தவரின் எலும்புக்கூட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வருஷந்தோறும் இவ்விதம் புதிதாகிறது. இடிக்கும் அணுக்கள் முதலில் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றன. பிறகு 'கதெப்ஸின் கே' என்னும் என்ஸைமைக் கொண்டு எஞ்சிய நார்ப்பொருளை அறுத்துவிடுகின்றன.

இரு சாராரும் சமமாக வேலை செய்யும் வரையில் தேகத்துக்குக் கவலையில்லை. புற்றுநோய் வந்து புகுந்தால்தான் விபரீதம். 1889-ம் வருஷத்தில் ஸ்டீபன் பேஜெட் என்னும் ஆங்கில வைத்தியர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்மணிகளின் விவரங்களை ஆராய்ந்தார். விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். புற்றுநோயும் அப்படியே என்று கண்டார். எலும்பு அத்தகைய நிலங்களில் ஒன்று. மார்பகப் புற்றணுக்கள் அங்கே குடியேறினால், இடிக்கும் அணுக்களைத் தூண்டி விடுகின்றன. எலும்பு இடிய இடிய, அதனுள் புதைந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்பட்டுப் புற்றுக்கே உரமாகின்றன. உரமுண்ட புற்று மேலும் இடிக்கத் தூண்டுகிறது. விளைவு, தாங்கொணா வலியும் எலும்பு முறிவும்.

இந்த விஷச் சுழலை அறுக்க வழியுண்டா? தண்ணீர்க் குழாய்களில் உப்புப் படியாமல் தடுக்கும் பாஸ்பேட் பொருள்களின் குணத்தைக் கவனித்து, 1960-களில் ஸ்விட்ஜர்லாந்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷும் அவருடைய சகாக்களும் 'பிஸ்பாஸ்பனேட்' மருந்துகளுக்கு வழி திறந்தார்கள். இம்மருந்து எலும்பில் படிந்திருந்து, இடிக்கும் அணு வாய் வைத்ததும் அதனுள் புகுகிறது. இவ்வகையில் வலிமை மிக்க 'ஸோலட்ரோனிக் அமிலம்' போன்றவை அவ்வணு உயிர் வாழ்வதற்கு வேண்டிய ஓர் என்ஸைமை முடக்குகின்றன. இவ்வுண்மை தெளிவாக மேலும் முப்பது வருஷங்கள் ஆயின.

பலன் என்ன? பல பரிசோதனைகளில் கலந்துகொண்ட 18,766 பெண்மணிகளின் விவரங்களைச் சேர்த்து 2015-ல் வெளியான ஆராய்ச்சி அதைச் சொல்கிறது. மாதவிடாய் நின்றவர்களில், பத்து வருஷங்களில் மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 18-லிருந்து ஏறக்குறைய 15-ஆகக் குறைந்தது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அத்தகைய பலன் தென்படவில்லை. நிலத்தின் தன்மை முக்கியம் அன்றோ?

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். கதெப்ஸினையே நேராக முடக்கும் 'ஓடானகாடிப்' என்னும் மருந்து, எலும்புத் தேய்வு கண்ட பெண்மணிகளிடையே எலும்பு முறிவைக் குறைத்தது. ஆனால் மூளையைத் தாக்கும் பக்கவாதம் அதிகமாகக் கண்டதால் 2016-ல் அதைக் கைவிட்டார்கள். பிஸ்பாஸ்பனேட்டிலும் சிலருக்குத் தாடை எலும்பு சீரழிவதுண்டு. அதனால்தான் மருந்து தொடங்குமுன் பற்களைச் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இடிப்போரைக் கட்டுப்படுத்தலாம், அடியோடு ஒழித்துவிட்டால் வீட்டைப் பழுது பார்ப்பது எங்ஙனம்?

நேயர்கள் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற தாயோ சகோதரியோ முதுகிலோ இடுப்பிலோ விடாத வலி என்று சொன்னால், வாயுவென்று தைலம் தடவி நாளைக் கடத்தாதீர்கள். அன்றே வைத்தியரிடம் தெரிவியுங்கள். இடிந்த பின் கட்டுவதைவிட, இடியாமல் காப்பது எளிது.