திட்டிய குருவே வாசலில் வந்து நின்றால்?

ஆபீஸில் மேலதிகாரி திட்டினால் டீ குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கையெடுத்துக் கும்பிட்டவர் ஒரு சொல் சொன்னால் அது வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கிறது. ‘உனக்கெல்லாம் ஸ்லோகம் வராது, எழுந்து போ’ என்று பாராயண வகுப்பில் பத்துப் பேர் முன்னால் கேட்டவர்கள், ஐம்பது வயதிலும் அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டுவார்கள். பலர் அந்தக் கோயில் பக்கமே போவதில்லை. ஆசிரியர் மேல் வந்த கோபம் சாமி மேல் போய்விடுகிறது.

இதே காயம் பட்ட ஒரு மாணவரை நமக்கெல்லாம் தெரியும், ஆசாரியராக. ஸ்ரீராமானுஜர்தான்.

1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் என்பார்கள். இளவயதில் காஞ்சிக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தார். ஒருநாள் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, சாந்தோக்ய உபநிஷத்தில் இறைவனின் கண்களைச் சொல்லும் இடம் வந்தது. ‘கப்யாசம்’ என்றால் குரங்கின் பின்புறம், அதுபோல் சிவந்த கண்கள் என்றார் குரு. மாணவரின் கண்ணிலிருந்து சுடச்சுட ஒரு சொட்டு குருவின் தொடையில் விழுந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, சூரியனால் மலர்ந்த தாமரை என்று வேறு பொருள் சொன்னார். குருவுக்கு ஆத்திரம். மனஸ்தாபம் முற்றி, காசி யாத்திரை என்று அழைத்துப்போய் வழியில் தீர்த்துக்கட்டவே பார்த்தார் என்கிறது குருபரம்பரை. சித்தி மகன் கோவிந்தன் காதோடு எச்சரித்ததால் விந்தியக் காட்டில் தப்பினார்.

கதையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது.

அந்த வகுப்பை விட்டு விலகியவர், வரதராஜரை விட்டு விலகவில்லை. திருக்கச்சி நம்பியிடம் போய் நின்றார். பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுகிற, அந்தணர் அல்லாத அடியவர் நம்பி. அவர் பெரிய தத்துவமெல்லாம் பேசவில்லை. சாலைக் கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான். புண்பட்ட மனசுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதட்டாத ஒரு பெரியவரும் தினம் செய்ய ஒரு சின்ன வேலையும் கிடைத்தால் போதும், நாள் நகர்ந்துவிடும்.

கண்ணீர் விட்ட அந்தச் சொல்லையும் அவர் அப்படியே விடவில்லை. பின்னாளில் ‘வேதார்த்த ஸங்க்ரஹம்’ எழுதும்போது, ஆழ்ந்த நீரில் பிறந்து, நல்ல தண்டில் நின்று, கதிர் பட்டு விரிந்த தாமரை இதழ் என்று பொருள் எழுதினார். யாதவப்பிரகாசரின் கொள்கையையும் அதே நூலில் மறுத்தார். மன்னித்துவிட்டேன் என்பதற்காக ‘நீங்கள் சொன்னதும் சரிதான்’ என்று தலையாட்ட வேண்டியதில்லை பாருங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. அடி, பாலியல் சீண்டல் என்று போயிருந்தால் அங்கே மன்னிப்புப் பேச்சே வேண்டாம், புகார்தான். குழந்தை என்றால் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

திட்டியவர் வந்து வருத்தம் சொன்னால்தான் மனசு ஆறும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. பல பேருக்கு அவர் வருவதேயில்லை. ராமானுஜரும் காத்திருக்கவில்லை. குடம் தூக்கினார், படித்தார், துறவியானார். வருஷங்கள் கழித்து யாதவப்பிரகாசரின் தாயார்தான், ராமானுஜரைப் போய்ப் பார் என்று மகனிடம் சொன்னாராம். பெற்றவளுக்குத் தெரியாதா, பிள்ளை எதனால் தூங்கவில்லை என்று!

வயதான குரு வந்தார். சிஷ்யர் பழைய கணக்கைப் பிரிக்கவில்லை. துறவு கொடுத்து கோவிந்த ஜீயர் என்று பெயர் வைத்தார். காட்டில் உயிர் காத்த தம்பியின் பெயரும் கோவிந்தன்தான். அப்புறம் துறவிகளுக்கான விதிகளைத் தொகுத்து எழுதும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார். ‘யதிதர்ம ஸமுச்சயம்’ என்ற அந்த நூல் இன்றும் கிடைக்கிறது, யாதவப்பிரகாசர் பெயரிலேயே.