ஒரு வால்வு திறந்திருந்தால் போதும்!



2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏரிகள் வறண்டு, தண்ணி லாரிக்காக ராத்திரியெல்லாம் குடத்தோடு காத்திருந்தது சென்னை. அதே ஆண்டில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய நல்ல தண்ணி, வீட்டுக்கு மிச்சமாகிறது.

மறுசுழற்சி நீரை நாம் ஆதரிக்கிறோம். அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆதரிக்கிறவர்கள்தான் அதன் பாதுகாப்பைப் பற்றியும் முதலில் பேச வேண்டும்.

இன்று பெரிய அடுக்குமாடிகளில் இரண்டு குழாய் வரிசைகள் இருக்கின்றன. ஒன்று சமையலுக்கும் குளியலுக்கும். இன்னொன்று, சுத்திகரித்த நீரைக் கழிப்பறை ஃபிளஷ்ஷுக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோவது. இரண்டும் ஒரே சுவருக்குள், பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. எங்கேயாவது ஒரு இடத்தில் இவை சேர்ந்துவிட்டால்?

நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தை ஒட்டிய லைட்ஸெ ரைன் குடியிருப்பில் குடிநீருக்கு ஒரு குழாய், கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் இன்னொரு குழாய். 2001 டிசம்பரில் பராமரிப்பு வேலை முடிந்த பிறகு, இரண்டையும் இணைத்திருந்த ஒரு குழாயைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். மக்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 2003-இல் அந்த நாட்டு அரசு, வீடுகளுக்கான பெரிய அளவிலான இரட்டைக் குழாய்த் திட்டங்களையே நிறுத்தியது. ஒரு இணைப்பில் நேர்ந்த கவனக்குறைவு ஒரு நல்ல திட்டத்தின் மீதிருந்த நம்பிக்கையையே அடித்துவிட்டது. நமக்கான பாடம் இதுதான்.

நம்ம கட்டடங்களில் ஆபத்து எங்கே இருக்கிறது?

ஒன்று, மொட்டை மாடி. சுத்திகரிப்பு நிலையம் பழுதானால் ஃபிளஷ் டேங்க் காலியாகும். உடனே நல்ல தண்ணி டேங்கிலிருந்து ஒரு குழாய் இழுத்து, நடுவில் வால்வு போட்டுவிடுவார்கள். அந்த வால்வு கசிந்தாலோ, மூட மறந்தாலோ, நல்ல தண்ணி டேங்கில் மட்டம் குறைகிற நேரம் ஃபிளஷ் தண்ணி அதற்குள் வந்துவிடும்.

இரண்டு, ஹெல்த் ஃபாசெட். பிறகு யாராவது புதிதாகப் போடச் சொன்னால், கைக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபிளஷ் லைனிலிருந்தே இணைப்பு எடுப்பது சுலபம். உடம்பில் படுகிற தண்ணி அது. நல்ல தண்ணியாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று, ரிப்பேர். இரண்டு குழாயும் ஒரே நிறம், வரைபடமும் கிடையாது என்றால் ப்ளம்பர் என்ன செய்வார்? அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் கையில் நாம் எதைக் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

பார்த்துக் கண்டுபிடிக்கலாமா? முடியாது. நன்றாகச் சுத்திகரித்த நீர் தெளிவாகவே இருக்கும். பாதி ஊரில் போர் தண்ணியே உப்பு. ருசியை வைத்தும் சொல்ல முடியாது.

நாம் கேட்பது இவைதான்:

1. மறுசுழற்சிக் குழாய்க்குத் தனி நிறம். பல நாடுகளில் ஊதா நிறம் வழக்கத்தில் உள்ளது. கூடவே "குடிக்க உகந்ததல்ல" என்று தமிழில் எழுத்து, படம்.

2. ஃபிளஷ் டேங்கை நல்ல தண்ணியால் நிரப்ப வேண்டுமானால், மேலிருந்து இடைவெளி விட்டு ஊற்றுகிற மாதிரி மட்டுமே அமைப்பு. குழாயோடு குழாய் இணைக்கவே கூடாது. நடுவில் காற்று இருந்தால் தண்ணி திரும்பி வர வழியில்லை.

3. கட்டி முடித்ததும் இரண்டு வரிசைகளையும் தனித்தனியாகச் சோதித்த பிறகே பணி நிறைவுச் சான்று. பெரிய ரிப்பேருக்குப் பிறகும் அதே சோதனை.

4. குழாய் வரைபடம் குடியிருப்போர் சங்கத்தின் கையில். ப்ளம்பர்களுக்கு அரசு செலவில் பயிற்சியும் சான்றிதழும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். இரட்டைக் குழாய் உள்ள குடியிருப்பில் இருக்கும் தோழர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சொல்லி இதைச் செய்யுங்கள். மாடியில் நல்ல தண்ணி டேங்க் வால்வை மூடி, எல்லா வீட்டிலும் சமையலறைக் குழாயைத் திறந்து வையுங்கள். குழாயில் தங்கிய தண்ணி வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். அடுத்து அதைத் திறந்துவிட்டு, ஃபிளஷ் டேங்க் வால்வை மூடுங்கள். இப்போது ஹெல்த் ஃபாசெட்டில் தண்ணி வர வேண்டும். நின்றுபோனால் அது தப்பான லைனில் இருக்கிறது. உடனே மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. "சாக்கடைத் தண்ணியைக் குடிக்க வைக்கிறாங்க" என்று மீம் வந்தால் நம் ஆட்கள் அதைப் பகிர வேண்டாம். லைக் கிடைக்கும், ஆனால் அடுத்த வறட்சியில் குடத்தோடு நிற்கப்போவதும் நம் மக்கள்தான். பயத்தைப் பரப்புவது நம் வேலையில்லை. குழாயைச் சரியாகப் போடவைப்பதுதான் நம் வேலை.

சோதித்துப் பார்த்தவர்கள் முடிவைக் கமெண்டில் எழுதுங்கள். உங்கள் பகுதி நிர்வாகிகளிடமும் சொல்லுங்கள்.

#இரட்டைக்குழாய்_இரட்டைக்கவனம்
#தண்ணீர்_நம்_உரிமை