மலையடிவாரத்தில் ஒரு வழிப்பறி

புணேயிலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு வீடு மாற்றினேன். முகவரியைப் பார்த்துத்தான் கூலி பேசினார்கள். லாரியோ அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் நின்றுவிட்டது. "வண்டி மலையேறாது, இன்னும் பாதித் தொகை வேண்டும்." நாள்தோறும் அரசுப் பேருந்து ஏறும் சாலை அது! பணம் கண்டதும் லாரியும் ஏறியது.

'கொடுத்துத் தொலையுங்கள்' என்று அறிவுரைத்த நண்பர்கள் அனைவரும் தேர்ந்த வாசகர்கள். அநீதியைப் பக்கம் பக்கமாக வாசிக்கும் நாம், அது வாசலுக்கு வந்தால் பேரம் என்று பெயர் சூட்டுகிறோம். சரக்கைப் பிணைவைத்துப் பணம் கேட்பது பேரமன்று, வழிப்பறி.

அதற்குத் துணை நம் அசட்டை. முப்பதாண்டுகள் சேர்த்த சிற்றிதழ்கள் ரசீதில் 'பழைய பேப்பர், 11 பெட்டி' என்றிருந்தன. கையெழுத்திட்டவன் நான்தான். வந்து சேர்ந்தவை பத்து. கூடுதல் இடர்ப்பொறுப்புக் கட்டணம் செலுத்த முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி இழப்பீடு கூலியின் பத்து மடங்கைத் தாண்டாது. பதிவுசெய்த 180 நாள்களுக்குள் இழப்பை எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும்.

நிறுவனம் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. முறையிடப்போகிறேன். தொலைந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறேன். இம்முறை 'பழைய பேப்பர்' என்று எழுதமாட்டேன்.