கல்லை மாத்தினது யார்?

அக்காவின் கல்யாண எழுத்துக்குக் கனடாவில் இருந்து பெரியம்மா ஒரு வைர மோதிரம் கொண்டுவந்தா. அரைக் கரட்டுக்குக் கொஞ்சம் கூடின ஒற்றைக் கல். எங்கட வீட்டில் அதுக்கு முதல் ஒருத்தரும் வைரத்தைக் கையில் வைத்துப் பார்த்ததில்லை. அம்மம்மாவின்ர மூக்குத்தியில் இருந்தது வைரமா வெறும் வெள்ளைக்கல்லா என்பது இண்டைக்கும் தீராத வழக்கு. மோதிரம் அக்காவின் விரலுக்குக் கொஞ்சம் இறுக்கம். எங்களுக்கு இருபது வருசத்துக்கு மேலாக நகை செய்து தாற பத்தரிடம் அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நாளில் வளையம் பெருப்பிச்சு வந்தது. கல்லுக்குள் மட்டும் ஒரு வெள்ளைக் கீறல், சிலந்தி வலையின் ஒரு மூலையை வெட்டி வைத்தது மாதிரி.

பிறகு நடந்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கு. "கல்லை மாத்திப்போட்டான்" என்று முதலில் சொன்னது யார் என்று இப்ப ஞாபகமில்லை. பத்து நிமிசத்துக்குள் வீடே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும்தான். அப்பா பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டார். "நான் கல்லைக் கழட்டவே இல்லை அண்ணை, வளையத்தை வெட்டித்தான் ஒட்டினனான்" என்று பத்தர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அதையும் கள்ளனின்ர கதையாகத்தான் எடுத்தோம்.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பில் இரத்தினக்கல் பரிசோதிக்கிற ஓரிடத்தில் மோதிரத்தைக் கொடுத்தோம். உண்மையைச் சொன்னால், பத்தருக்கு எதிராகச் சாட்சி எடுக்கத்தான் போனது. வந்த பதில் வேறு. கல் வைரம்தான். பெரியம்மாவின் பில்லில் இருக்கிற அதே எடை. ஆனால் அது வெடிப்பு நிரப்பிய வைரம், நிரப்பினது சூட்டில் பழுதாகியிருக்கிறது. பெரியம்மாவிடம் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டோம். கல்லின் எடைக்குப் பக்கத்தில், எறும்பளவில், ஆங்கிலத்தில் "சி.ஈ." என்று இரண்டு எழுத்து. கிளாரிட்டி என்ஹான்ஸ்ட். கடைக்காரர் அதை வாயால் சொன்னாரா என்று கேட்டேன். "ஸ்பெஷல் கல் எண்டு சொன்னவர் பிள்ளை" என்றா பெரியம்மா.

அந்தச் சொல்லையே ஒருக்காப் பாருங்கள். 'என்ஹான்ஸ்ட்' என்றால் ஏதோ கூடுதலாக ஒன்று கிடைத்த மாதிரித்தான் காதில் விழும். நடந்தது என்னவென்றால், உள்ளே வெடிப்பிருந்த ஒரு வைரத்தை எடுத்து, மேற்பரப்புவரை வருகிற அந்த வெடிப்புக்குள் கண்ணாடி போன்ற ஒரு பொருளை உருக்கி ஏற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஈயம் கலந்த கண்ணாடி. 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் ஸ்வி யெஹுடா என்பவர் கொண்டுவந்த முறை இது. எப்படி வேலை செய்கிறது என்பதைக் கன்டீனில் வடை சுற்றித் தருகிற பேப்பரில் பார்க்கலாம். எண்ணெய் ஊறின இடத்தில் கடதாசி கண்ணாடி மாதிரித் தெரியும். கடதாசி நாருகளுக்கு இடையில் இருந்த காற்றை எண்ணெய் நிரப்பியதும் ஒளி சிதறாமல் போகிறது. வைரத்தின் வெடிப்பிலும் அதுதான். வெடிப்பு அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் படாது.

நல்லாயிருக்கே, அதில் என்ன பிழை என்று கேட்டால், அதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் என் கருத்து. இயற்கையாகவே தெளிவான கல்லை வாங்க முடியாத ஒருத்தி, பார்வைக்கு அதேபோல இருக்கிற ஒன்றைக் குறைந்த விலையில் தெரிந்து வாங்கிப் போட்டால் அது அவளின் விருப்பம். பிரச்சினை, அந்த நிரப்பு வைரத்தைப்போல உறுதியானதல்ல என்பது. நகைத் தொழிலாளியின் சுடரில் அது உருகும், வெளியே வரும், நிறம் மாறும். ஒட்டு வைத்த பிறகு நகையை அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்வார்கள், அதுவும் ஆகாது. கடைகளில் அதிர்வால் கழுவுகிற அல்ட்ராசோனிக் மெசினும் ஆபத்து. நிரப்பாத நல்ல வைரம் கவனமாகச் செய்தால் இதையெல்லாம் தாங்கிவிடும். எங்கள் பத்தர் நாற்பது வருசப் பழக்கத்தில் வைரத்துக்குச் செய்யிறதைத்தான் செய்தார். அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ரொறன்ரோவில் காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். மறைத்த உண்மையின் செலவு மறைத்தவரிடம் வருவதில்லை. கடைசியாக அந்தப் பொருளைத் தொட்ட கைக்குத்தான் அது வருகிறது. அந்தக் கை பெரும்பாலும் ஏழைக் கை. எங்களுக்கோ வெளிநாட்டுப் பில் என்றால் வேதவாக்கு, உள்ளூர்ப் பத்தர் என்றால் பொடி வைக்கும்போதே பொன்னில் கை வைக்கிறவர். இந்தச் சந்தேகத்தில் அந்தத் தொழில் செய்கிற சமூகத்தின் மீதான பழைய இளக்காரமும் சேர்ந்திருக்கிறது. அதை இல்லை என்று சொல்லி நான் தப்பப் போவதில்லை.

இன்னொன்று. கல்லைப் 'பதப்படுத்துவது' பற்றி உலகத்திலேயே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் இந்த நாட்டில் இருக்கிற நாங்கள்தான். பால் கலந்தது போல மங்கலாக இருக்கும் 'கெவுட' கற்களை மதிப்பில்லாதவை என்று இங்கே விற்றுவிட, 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிக்கொண்டுபோய் உயர் வெப்பத்தில் சுட்டு நீலக்கற்களாக்கினார்கள். கல்லுக்குள் இருந்தது என்னவென்று தெரிந்தவர்களுக்கு லாபம், தெரியாதவர்களுக்கு நட்டம். ஆனால் சுட்ட நீலக்கல்லின் நிறம் நிலையானது, பிறகு கழன்று வராது. ஈயக் கண்ணாடி நிரப்பிய சிவப்புக்கல் அப்படியில்லை, தேசிக்காய்ப் புளி பட்டாலே கண்ணாடி அரிபடத் தொடங்கும். எல்லாவற்றையும் 'ட்ரீற்மென்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுகிறவர்களிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் பேனை மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்து, "பாருங்கோ, ஒறிஜினல்" என்று காட்டுவார்கள். அது வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று பார்க்கிற கருவி. வைரம் என்றால் வைரம் என்று சொல்லும், உள்ளே நிரப்பியிருப்பதைச் சொல்லாது. நிரப்பிய கல்லும் வைரம்தானே. பத்து மடங்கு பெருப்பிக்கிற கைவில்லையால், இல்லாவிட்டால் இன்னும் நல்லது நுணுக்குக்காட்டியால், கல்லை மெல்ல மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெடிப்பை அதன் விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறபோது செம்மஞ்சளோ ஊதாவோ ஒரு நிறம் பளிச்சென்று தெரிந்து, கொஞ்சம் திருப்ப நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் சந்தேகப்படலாம். மழை ரோட்டில் பெற்றோல் சிந்தினது போல வானவில் நிறமெல்லாம் சேர்ந்து தெரிந்தால் அது பெரும்பாலும் நிரப்பாத சாதாரண வெடிப்பு. நிரப்புக்குள் அகப்பட்ட சின்னக் காற்றுக் குமிழ்களும் காட்டிக்கொடுக்கும். லேசரால் துளைத்துக் கறுப்புப் புள்ளியை வெளுக்கச் செய்கிற முறை வேறு. அதில் மேற்பரப்பில் இருந்து உள்ளே நூல் போல ஒரு துளை போகும். அது நிரந்தரமானது, சூட்டுக்குப் பயமில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மோதிரத்தில் பதித்த கல்லில் பழகின கண்ணுக்கே கஷ்டம். அதனால்தான் வாயைத் திறந்து கேட்கச் சொல்கிறேன். "இந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறீங்கள்? சுடர் தாங்குமா? அதைப் பில்லில் முழுச் சொல்லில் எழுதித் தருவீங்களா?" எழுத மறுத்தால் எழும்பி வாருங்கள். ஜி.ஐ.ஏ. அறிக்கை இருக்கா என்றும் கேட்கலாம். வெடிப்பு நிரப்பிய வைரங்களுக்கு அவர்கள் தர அறிக்கை கொடுப்பதில்லை, லேசர் துளைத்தவற்றுக்குக் குறிப்போடு கொடுப்பார்கள். இங்கே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்கும் பரிசோதனைக் கூடம் இருக்கு. வாங்குகிறவரைத் தவறாக நடத்துகிற வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ரொறன்ரோவுக்குப் போகாது என்பது வேறு கதை.

2022க்குப் பிறகு பாண் விலையைப் பற்றி யோசிக்கிற நாட்டில் வைரத்தைப் பற்றி என்ன எழுத்து என்று கம்பஸ் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் வீடுகளுக்கு வைரம் காசு கொடுத்து வருவதில்லை, விமானத்தில் வருகிறது. வாங்கியவருக்கும் தெரியாது, போடுகிறவளுக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது.

முடிவு வந்த கிழமை நான் பட்டறைக்குப் போனேன். அப்பா வரவில்லை. அறிக்கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். பத்தர் அதைக் கண்ணாடி போட்டு நேரமெடுத்து வாசித்துவிட்டு, இதின்ர ஒரு கொப்பி எடுத்துத் தர ஏலுமோ என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன மாதம் போனபோது, முன்னால் இருந்த பொம்பிளையின் தோட்டை வாங்கியதும் கைவில்லையால் பார்த்து, "உள்ளுக்கு ஒரு கீறல் இருக்கு, பாருங்கோ" என்று அவவுக்கும் காட்டி, ஒற்றையில் எழுதி, அவவிடம் ஒரு கையெழுத்தும் வாங்கினார். அப்பா இன்னும் அந்த ரோட்டால் போகாமல் சுத்தித்தான் ரவுணுக்குப் போறார்.