பின்சக்கர பேரிங்: கிரீஸ் அடித்தால் மட்டும் போதுமா?

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார்கள். லாரிக்கு அந்த அச்சாணி எது தெரியுமா? பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் இரண்டு பேரிங்குகளும், அவற்றை நிறுத்திப் பிடிக்கும் நட்டும்தான்!

கனரக லாரியில் பின்பாரத்தை ஆக்சில் ஷாஃப்ட் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சக்கரத்தைச் சுற்றிவிடுவதோடு சரி. பாரத்தைத் தாங்குவது ஹப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் உள்ள இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள். 2018-ல் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஓர் ஆக்சிலின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 5.75 டன்!

இவ்வளவு சுமக்கும் பாகத்துக்குப் பட்டறையில் என்ன மரியாதை? "நல்லா கிரீஸ் அப்பி, நட்டை முறுக்கி அனுப்புப்பா, லோடு காத்திருக்கு!" இவ்வளவுதான்.

முதல் தப்பு, கிரீஸ் அதிகமானால் நல்லது என்ற நம்பிக்கை. உருளைகளுக்கு இடையே கிரீஸ் முழுதாக ஏற வேண்டும், உண்மைதான். ஆனால் ஹப்பின் வெற்றிடத்தையும் அடைத்து நிரப்பினால் சூடு ஏறும். சூட்டில் இளகிய கிரீஸ் ஆயில் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. பழைய கிரீஸைக் கழுவாமல் வேறு வகை கிரீஸைப் போடுவதும் ஆபத்து. சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும்.

இரண்டாவது, பாதி மாற்றுவது. உருளையோடு கூடிய உள்வளையம் புதிது, ஹப்பில் இறுகியிருக்கும் வெளிவளையம் பழையது! இரண்டும் ஒரு ஜோடி. பழையதில் இருக்கும் குழி புதியதையும் தின்றுவிடும். பழைய ஆயில் சீலையே மறுபடி போடுவதும் இதே கதைதான்.

மூன்றாவதுதான் உயிரை வாங்குவது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, சரியான ஆட்டம் வைத்துப் பூட்ட வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஒரு எழுதும் தாளின் தடிமனே சுமார் 0.1 மில்லிமீட்டர்! இறுகினால் பேரிங் வெந்து பிடித்துக்கொள்ளும். தளர்ந்தால் சக்கரம் ஆடி, சீல் தேய்ந்து, கடைசியில் கழன்றே ஓடலாம்.

"முப்பது வருஷமா கைப்பதத்திலதானே செய்றோம்" என்று மேஸ்திரிகள் கேட்பார்கள். அவர்கள் அனுபவம் சாதாரணமில்லை. பேரிங் போகும் சத்தத்தைக் காதாலேயே கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். ஆனால் தாள் கன ஆட்டத்தை எந்தக் கையும் அளக்காது. டயல் கேஜ்தான் அளக்கும்.

குற்றம் மேஸ்திரி மேல் மட்டுமா? நடையை எண்ணும் முதலாளி நேரம் கொடுத்தால்தானே அவர் அளந்து பார்ப்பார்? பட்டறைக்கு ஒரு டயல் கேஜ், வேலைக்குப் போதுமான நேரம், பேரிங் பார்த்த தேதியும் கிலோமீட்டரும் எழுத ஒரு நோட்டு. கேட்பது இவ்வளவுதான்.

கழன்று ஓடும் சக்கரம் முதலாளியைத் தேடிப் போய் மோதுவதில்லை. எதிரே பைக்கில் குடும்பத்தோடு வருபவர் மேல்தான் மோதும். மிச்சப்படுத்திய அரை நாள் அவருக்கு என்ன பதில் சொல்லும்?