சிறுவர் சேர்த்த காசும் பெரியவர் தவறவிட்ட கடமையும்

மலையகப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் நடக்கும் சிறுவர் சந்தையில் லயத்துத் தோட்டத்தில் விளைந்த லீக்ஸ், கரட், முள்ளங்கியோடு வீட்டில் சுட்ட பணியாரமும் மேசைக்கு வரும். கொடுக்கல் வாங்கலைப் பழக்குவதற்காக நடத்தப்படும் இந்தச் சந்தையில் சேரும் பணத்தை, நடக்க இயலாத ஒருவருக்கோ பார்வையற்ற ஒருவருக்கோ கொடுத்துவிட மாணவர்களே விரும்புவதும் உண்டு. ஒக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினம், டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் என்று நாட்கள் நெருங்கும்போது வகுப்புகளில் உண்டியலும் சுற்றும். நாட்கூலியில் வாழும் வீட்டுப் பிள்ளை இருபது ரூபாவைப் போடுவது சிறிய காரியமல்ல. அந்த மனத்தை வணங்குகிறோம்.

ஆனால், பிள்ளைகள் காசு சேர்த்துவிட்டார்கள் என்பதற்காகப் பெரியவர்கள் தங்கள் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. அரசும் பிரதேச சபையும் தோட்டக் கம்பனியும் செய்ய வேண்டியதைச் சிறுவர் உண்டியலால் ஈடுகட்ட முடியாது. ஈடுகட்டவும் கூடாது.

சக்கர நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். நிதி சேர்த்து, விழா எடுத்து, மாலை போட்டுக் கையளிக்கப்படும் நாற்காலி லயத்து வாசலைத் தாண்டுமா? பெரும்பாலான லயங்களிலிருந்து பெருவீதிக்கு வர செங்குத்தான படிகள், மழையில் சறுக்கும் மண்பாதை, குறுக்கே ஓடும் கான். பத்தடிக் காம்பராவுக்குள் நாற்காலியைத் திருப்ப இடமில்லை. மலசலகூடம் லயத்தின் கோடியிலோ அதற்கும் அப்பாலோ இருக்கும். ஆகவே நாற்காலி சுவரோரம் துணி போடும் இடமாகிவிடுகிறது. அதில் அமர வேண்டியவர் முன்போலவே தாயின் முதுகில்தான் மலை இறங்குகிறார். கொடுத்தவர்களின் அன்பில் குறையில்லை. நாற்காலி உருளப் பாதையில்லை என்பதே குறை.

பாதை ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாதென நீண்டகாலம் கைவிரித்தார்கள். வாக்களிக்க மட்டும் தோட்டத்து மக்கள் தேவைப்பட்டார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் வந்துவிட்டன. இனிச் சட்டம் தடுக்கிறது என்று சொல்ல எவருக்கும் வழியில்லை.

மற்றச் சட்டங்களுக்கும் பஞ்சமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்வுப் பாதையும் உரிய மலசலகூடமும் வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. 2009இல் உயர் நீதிமன்றமே அதை வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதி செய்தது. அரசாங்க வேலைவாய்ப்பில் நூற்றுக்கு மூன்று இடங்களை ஒதுக்கும் சுற்றறிக்கை 1988ஆம் ஆண்டினது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமத்தோடு வாழ்ந்தார்கள். இத்தனை எழுத்துக்குப் பிறகும் தோட்டத்துப் பாடசாலை வாசலில் ஒரு சாய்வுப் பாதை கிடைப்பது அரிது.

கையில் கிடைக்கும் உதவியையும் பார்ப்போம். வருமானம் குறைந்த குடும்பத்து மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி கணக்கிட்டாலும் இது எட்டு நாள் கூலிக்குக் குறைவு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் தாய்க்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடைக்காது. மாதம் முழுவதும் அவர் இழப்பதை எந்தக் கொடுப்பனவும் ஈடுசெய்யவில்லை. குளவிக் கொட்டும், கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுவதும், தொழிற்சாலை இயந்திரத்தில் கை சிக்குவதும் தோட்டத்து வேலையோடு சேர்ந்தே வருகின்றன. வேலையில் ஊனமுற்றவருக்கு நட்டஈடு கொடுக்க 1934 முதல் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு முதலில் வரவேண்டியது கம்பனியின் நட்டஈடு. பாடசாலைப் பிள்ளைகளின் உண்டியல் அதற்குப் பின்னர்தான்.

பிள்ளைகளின் காசைப் பற்றிக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயலல்ல. இந்த நாட்டிலேயே அதற்கு மதிப்புமிக்க முன்னுதாரணம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்றுப் முதலாம் உலகப் போரில் பங்கேற்ற வீரர்களுக்காக நிதி திரட்டினார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் வாங்க வேண்டியிருந்தது. உள்ளூர் முன்னாள் வீரர்கள் வறுமையில் வாட, பிள்ளைகளின் காசு பிரித்தானிய வீரர்களுக்குப் போகலாமா என்று கேட்டு எழுந்ததே சூரியமல் இயக்கம். 1933இல் ஆங்கிலேய ஆசிரியை டொரீன் யங் இந்த அநீதியைப் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். பொப்பிக்குப் பதில் சூரியமல் எனப்படும் பூவரசம்பூவை இளைஞர்கள் விற்றார்கள். கொடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. யாருக்குப் போகிறது, யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டபடியே கொடுத்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

இன்னொரு தவறையும் நிறுத்த வேண்டும். உதவி பெறுபவரை மேடையேற்றிப் படம் எடுத்து, அவர் முகத்தை ஊரெங்கும் பரப்புவது தர்மமல்ல. 1992இல் பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகள் திரண்டு, தங்களைப் பரிதாபப் பொருளாக்கிப் பணம் திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை எதிர்த்தார்கள். அந்த நிகழ்ச்சி அதன்பின் நடக்கவில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு நாள் மேடையில் கூனிக் குறுகி நின்றவர் மறுநாளும் அதே மக்கள் மத்தியில்தான் வாழ வேண்டும். கைதட்டிய பிள்ளையும் அவரைச் சமமானவராக அன்றி இரங்கத்தக்கவராகவே பார்க்கப் பழகிவிடும்.

“அரசு வரும்வரை காத்திருந்தால் அந்தப் பிள்ளை தரையில்தான் கிடக்கும், முடிந்ததை நாங்கள் செய்கிறோம்” என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நியாயமான பேச்சு. நாற்காலியை வாங்கிக் கொடுங்கள், காது கேட்கும் கருவியைக் கொடுங்கள். கொடுத்த கையோடு, பாதை கேட்டுப் பிரதேச சபைக்கு ஒரு மனுவும் பிள்ளைகளை எழுதச் செய்யுங்கள். அமெரிக்காவில் 1938இல் பிள்ளைகள் உட்படப் பொதுமக்கள் அனுப்பிய சில்லறைக் காசுகள் போலியோ ஆராய்ச்சிக்குச் சேர்ந்தன. 1955இல் தடுப்பூசி வெற்றி கண்டது. தனியொருவரின் துயரைத் தணிப்பதோடு நில்லாமல் துயரின் வேரைத் தேடிச் சென்ற காசு அது.

எனவே நாம் வேண்டுவது இவை. நிதி சேகரிப்பு முழுக்க விருப்பத்தின்பேரில் நடக்க வேண்டும்; எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்ற போட்டி வேண்டாம், கொடுக்க முடியாத பிள்ளை தலைகுனியக் கூடாது. சேர்ந்த தொகையும் செலவும் பிள்ளைகள் வாசிக்கும்படி அறிவித்தல் பலகையில் எழுதப்பட வேண்டும். என்ன தேவை என்பதை உதவி பெறுபவரிடமும் குடும்பத்தாரிடமும் முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு பிரதேச சபையும் தன் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத்துப் பாதைகளுக்கும் சாய்வுப் பாதைகளுக்கும் தனித் தொகை ஒதுக்க வேண்டும். தோட்டக் கம்பனிகள் மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டுக்கு மலசலகூடத்தை அருகில் கட்டித்தர வேண்டும். நுவரெலியாவில் 1988இல் தொடங்கிய மென்கபெப் போன்ற தொண்டு நிறுவனங்கள் தரும் பயிற்சியைப் பெற, தொலைதூரத் தோட்டத்துத் தாய் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியிருக்கும் நிலை மாற வேண்டும். வலயக் கல்விப் பணிமனைகள் தமிழ் மொழிமூல விசேட கல்வி அலகுகளையும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களையும் ஹட்டன், நுவரெலியா வலயங்களுக்குப் போதியளவு தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்துக்குள் முடங்கியிருக்கும் பிள்ளை வகுப்புக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளையும் சிறுவர் சந்தையில் கடை போட்டு, விற்று, இன்னொருவருக்காகக் காசு சேர்க்கும் உரிமை உடையது. அதற்கான வழியைத் திறக்கும் பொறுப்பு சபை உறுப்பினர்கள், கம்பனி முகாமையாளர்கள், கல்வி அதிகாரிகள் கையில் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலாவது பெரியவர்கள் தங்கள் பங்கைக் கொடுக்கட்டும்.