அன்னாசியும் முயலும்

2012ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயோர்க் மாநிலம் நடத்திய எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில் ஒரு கதை வந்தது. அன்னாசிப்பழமொன்று முயலை ஓட்டப்பந்தயத்துக்கு அழைத்தது. பந்தயத்தில் அன்னாசி அசையவேயில்லை, முயல் வென்றது. பார்த்திருந்த விலங்குகள் அன்னாசியைத் தின்றுவிட்டன. தின்றது பசியாலா, எரிச்சலாலா, பரபரப்பாலா, வேடிக்கையாலா என்பது வினா.

கதையோ காரணம் கூறவில்லை. கதையில் விடை இல்லாதவிடத்து மாணவர் வாசிப்பது கதையையன்று, பரீட்சகரின் மனத்தையே. சான்றில்லா வழக்கில் தீர்ப்பு வழங்குதல் நீதியாகுமா?

மாணவர் வாய்மொழியாற் செய்தி பரவிய பின்னரே, மாநிலக் கல்வி ஆணையாளர் ஜோன் கிங் அவ்வினாக்களுக்குப் புள்ளி கணக்கிடப்படாதென அறிவித்தார். தக்கதே, ஆயினும் குழம்பி இழந்த நேரத்தை மீட்பவர் யார்? பரீட்சை முடிந்ததும் வினாவையும் விடையையும் மக்கள் முன் வைத்தல் வேண்டும். மறைவில் வழங்கப்படும் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.